நான்காம் நம்பர் காற்று

என் மனைவியின் குரல் இன்னும் எத்தனை நாளைக்கு என்பது அந்த வருஷம் அக்டோபர் பிறக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தொண்டைக்குள் கட்டி. ஆறு வாரம் கரண்டு, அதாவது ரேடியேஷன், வைத்துப் பார்க்கலாம், சுருங்கினால் சரி, சுருங்காவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும், எடுத்த பிறகு பேச்சு கிடையாது என்று டாக்டர் இங்கிலீஷில் ஒரு தடவையும் ஹிந்தியில் ஒரு தடவையும் சொன்னார். எனக்கு இரண்டிலுமே புரிந்தது. புரிந்தும் மூன்றாவது தடவை சொல்லச் சொன்னேன். அவள்தான் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். "வெளங்கிட்டு. வாங்க, போவம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மருமகள் அடுப்படியில் நின்று அழுததைப் பார்த்து, "ஏ புள்ள, சாம்பார் அடிப்பிடிக்குது பாரு" என்றாள். மகன் லீவு போடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். கட்டடத்தில் இருப்பவர்கள் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள். "உங்க வீட்டம்மாவுக்கு என்ன தைரியம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆமாம் என்று நானும் தலையை ஆட்டினேன். முப்பத்தாறு வருஷமாக அந்தத் தைரியத்தை நம்பித்தான் நான் குடித்தனம் நடத்தியிருந்தேன்.

நாங்கள் இருப்பது மான்குர்த். ஆஸ்பத்திரி தாதரையும் தாண்டி. சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். லோக்கல் ரயில் கூட்டத்தில் அவளை ஏற்ற முடியாது. ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் அதற்கு அனுமதி கிடையாது. ஆகவே எங்கள் பழைய வெள்ளைக் கார்தான். பதினெட்டு வயது முடிந்த வண்டி. புகையும் தூசியும் தொண்டையில் படவே கூடாது, கண்ணாடியை இறக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் குப்பை மேட்டுப் புகை ஒருபுறம், லாரித் தூசி ஒருபுறம். அக்டோபர் வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டுமானால் ஏ.சி. ஓட வேண்டும்; ஏ.சி.யின் குளிரை உள்ளே தள்ள ப்ளோயர் ஓட வேண்டும். குளிர் பிரதேசத்தில் ஹீட்டரின் சூட்டைத் தள்ளுவதும் அதே காற்றாடிதான். ஏ.சி. குமிழைச் சூட்டுக்கான சிவப்புக் கோட்டுப் பக்கம் பம்பாயில் யார் திருப்பப்போகிறார்கள்? நான் ஒருநாளும் திருப்பியதில்லை.

கரண்டு வைக்க ஆரம்பிக்கும் முன் ஆயுத பூஜை வந்தது. நான் டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் கம்ப்ரசர் ஹவுஸில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் எங்கள் ஷிப்டுத் தமிழர்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கம்ப்ரசரையும் துடைத்துச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் பொரியும் பொட்டுக்கடலையும் குவித்துக் கும்பிடுவோம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சம் இருந்த ஒரே மெஷின் கார். வழக்கமாக ஒரு கைப்பிடிப் பொரியோடு முடித்துவிடுவேன். அந்த வருஷம் தாராவிக்குப் போய் ஒரு பெரிய பை நிறைய வாங்கி வந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரப்போகிற வண்டி இது, இதற்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. பானெட் மேல் முன்கண்ணாடி அடிவரைக்கும் பொரியை அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஜெண்டுப்பூவை உதிர்த்துப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொரியிலே அபிஷேகமே பண்ணுதீய" என்றாள். அப்போது குரல் கரகரத்தாலும் நன்றாகவே கேட்டது.

"நீ சும்மா இரு" என்று அதட்டிவிட்டுச் சூடம் ஏற்றினேன். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, வண்டியை எடுத்துக் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினேன். கீழே சிந்தியதைப் புறாக்கள் பார்த்துக்கொண்டன.

கரண்டு வைக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம் ப்ளோயர் சத்தம் போட்டது. ஏற்கெனவே வருஷக்கணக்கில் லேசாகக் கீச்சென்று முனகுகிற மோட்டார்தான். இப்போது அது கடகடவென்று தொடங்கி, நம்பரைக் கூட்டினால் உறுமலாக மாறியது. அந்த மோட்டார் இருப்பது இடது பக்கம், டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டிக்குப் பின்னால். அதாவது என் மனைவியின் முழங்காலுக்கு நேரே. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அரவை மெஷினை வைத்த மாதிரி ஆயிற்று.

அதே வாரத்தில்தான் அவள் வண்டியில் பேச ஆரம்பித்தாள். வீட்டில் பேசுவதே இல்லை. தொண்டையை அலட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மருமகள் சட்டமாகவே ஆக்கி வைத்திருந்தாள்; மாமியார் வாயைத் திறந்தால் ஓடிவந்து கையை உதட்டில் வைப்பாள். கரண்டு வைக்க வைக்கக் குரலும் தேய்ந்து வெறும் மூச்சாகிக்கொண்டு வந்தது. மான்குர்த் பாலம் ஏறி இறங்கி, செம்பூர் வரும்போது நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் உதடு அசைந்துகொண்டிருக்கும். என்னைப் பார்த்து இல்லை. நேரே சாலையைப் பார்த்து, மடியில் ஆஸ்பத்திரி ஃபைலை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் பேசிக்கொண்டு வருவாள்.

எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. என் காதுகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கம்ப்ரசர் ஹவுஸில் காதடைப்பான் கொடுத்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்த வீரர்கள் நாங்கள். வேலையை விட்டு வரும்போது காதில் பாதியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டதில்லை. மகன் சத்தமாகப் பேசினால், "நான் என்ன செவிடனா?" என்று பாய்வேன். அவள் மட்டும் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்வாள். நான் செவிடன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல் என்று சொல்லியிருக்கலாம். குரல் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் சத்தமாகப் பேசு என்று எந்த வாயால் சொல்வது? அதனால் உம் கொட்டினேன். கதை சொல்கிறவர்களுக்கு நாம் உம் கொட்டுகிறோமே, அதேதான். அவள் உதடு ஒரு இடத்தில் நின்றால் ஒரு உம். என் பக்கம் லேசாகத் திரும்பினால், தலையும் சேர்த்து ஒரு உம். சிக்னலில் நின்றால் அவள் கையின் மேல் கையை வைத்து ஒரு உம். அதில் எனக்கு நல்ல பழக்கமே வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

என்ன பேசுகிறாள் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பேன். வளையலை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பாளா? மகனைப் பற்றியா? எனக்கு ஒரு பயம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் தாராவியில் ஒரு தையல் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல கை. பட்டறைக்காரரே அவளுக்குத் தனியாக இரண்டு மெஷின் போட்டுத் தருகிறேன் என்று சொன்னபோது, எனக்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்த தெம்பில், "பொம்பளை சம்பாதிச்சு இந்த வீடு நடக்க வேண்டாம்" என்று நிறுத்திவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி மேலே வைத்தாள். அதைத்தான் இப்போது கேட்கிறாளோ, கேட்டு முடித்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாளோ என்று தோன்றும். அவள் பேச்சு காதில் விழ வேண்டும் என்று தவித்தேன். விழுந்துவிடுமோ என்றும் பயந்தேன்.

மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆளுயர மோட்டாரைக் கழற்றிப் பேரிங் மாற்றின எனக்கு இந்த உள்ளங்கை அளவு மோட்டாரா? கொல்லன் தெருவில் எவனாவது ஊசி வாங்கப் போவானா? சத்தத்தைக் கேட்டதுமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: பேரிங். முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பெட்டிக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டினேன். அன்றைக்கு முழுவதும் சத்தம் குறைந்தது. மறுநாள் வட்டியோடு திரும்பி வந்தது.

அடுத்தது எண்ணெய். குழல் வைத்த ஸ்ப்ரேயை இடுக்கு வழியாக உள்ளே அடித்தேன். மறுநாள் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றி ப்ளோயரைப் போட்டதும் எண்ணெய் வாடை குப்பென்று அவள் முகத்தில் அடித்தது. செம்பூர் வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, கண்ணாடியை இறக்கினால் புகை, ஏற்றினால் வாடை என்று நான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் இருமலுக்கு நடுவில் கையை ஆட்டி, ஒன்றுமில்லை, எடுங்கள் என்றாள். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். அது ஹாரன் அடித்தது. முன்னால் நின்ற டாக்ஸிக்காரர் இறங்கி வந்து சண்டைக்கு நின்றார்.

அப்போதாவது புத்தி வந்ததா? அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, மோட்டாரின் அடி மூடியைத் திறந்து கிரீஸ் வைத்தேன். தாராளமாக வைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காய் முடிந்தது. இரண்டு நாள் மோட்டார் திணறிச் சுற்றியது. திணறின மோட்டார் கரண்டை அதிகமாக இழுத்து, வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிற ரெசிஸ்டரை எரித்துவிட்டது. ப்ளோயர் குமிழில் நாலு நம்பர் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் செத்தன. நாலாம் நம்பர் மட்டும் மிஞ்சியது. போட்டால் முழு வேகம், முழுச் சத்தம். இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மிச்சமிருந்த வாரங்கள் பூராவும் நாங்கள் அந்த நாலாம் நம்பரில்தான் போய் வந்தோம்.

அவள் பேசுவதை நிறுத்தவில்லை. இன்னும் சொல்லப்போனால் நாலாம் நம்பரில் அதிகமாகத்தான் பேசினாள். ஒருநாள் சயான் சிக்னலில் நீண்ட நேரம் நிற்க வேண்டி வந்தது. ஒரு நிமிஷமாவது கேட்டுவிடலாம் என்று குமிழைத் திருப்பி ப்ளோயரை நிறுத்தினேன். சட்டென்று வண்டிக்குள் அமைதி. அவள் உதடும் அதே நொடியில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொல்லு" என்றேன்.

நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, "வேக்காடா இருக்கு. போடுங்க" என்றாள். போட்டேன். மாட்டுங்கா தாண்டுவதற்குள் உதடு மறுபடி அசைந்தது. சூடு தாங்காமல்தான் நிறுத்தினாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கவில்லை. குரல்வளையை எடுத்துவிடுவது என்று முடிவாகி, சேர வேண்டிய நாளும் குறித்துக் கொடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள் மூச்சுக் குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: எத்தனை நாளில் வீட்டுக்கு விடுவீர்கள்? அந்தக் கேள்வியைக் கேட்டு டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பேச வேண்டியதையெல்லாம் பேசிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த வார்த்தை என்னைப் போட்டு அறுத்தது. அவள் பேசிக்கொண்டுதானே இருந்தாள். கேட்காமல் இருந்தவன் நான்.

சேருவதற்கு இரண்டு நாள் முன்னால் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்கு வண்டியை விட்டேன். கார் ஏ.சி. வேலை செய்கிற ஒரு தமிழ் மெக்கானிக்கை மகன் சொல்லியிருந்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான், நாற்பது வயதிருக்கும். சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்டார். "அண்ணாச்சி, இது பேரிங் இல்ல. இந்த மோட்டர்ல பேரிங்கே கெடையாது, வெறும் வளையம், புஷ்தான். உள்ள ஏதோ குப்பை, கச்ரா இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இடது கதவைத் திறந்து, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பெட்டியைக் கழற்றி, மூன்று ஸ்க்ரூவை எடுத்து, மோட்டாரைக் காற்றாடியோடு கீழே இறக்கினார். கீழே விரித்திருந்த பேப்பரில் சரசரவென்று ஏதோ கொட்டியது.

கறுத்துப்போன பொரி. பொட்டுக்கடலை. சருகாகிவிட்ட ஜெண்டுப்பூ. அதற்கு நடுவில் கடித்துக் குதறின பஞ்சும் ஸ்பாஞ்சும் காகிதமும் சேர்ந்து ஒரு எலிக்கூடு.

"ஆயுத பூசைக்குப் பானெட்டுல பொரியைக் கொட்டினியளோ?" என்று கேட்டார்.

அவர் முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சல்லடை மாதிரியான கறுப்பு ஜாலியை விரலால் தட்டிக் காட்டினார். "இது வழியாத்தான் வெளிக் காத்து உள்ள போவும். பொரியும் போவும். தீவாளி முடிஞ்சா இதே மாதிரி ரெண்டு மூணு வண்டி வந்துரும் அண்ணாச்சி, எல்லாம் நம்ம ஆளுவதான். மராட்டிக்காரன் மாலையைப் போட்டு எடுத்துருவான். நாமதான் அள்ளிக் கொட்டுவோம். எலி பொரிக்கு வந்திருக்கு. வந்த இடம் குளுகுளுன்னு இருக்கவும் குடியேறிட்டு." காற்றாடியைத் திருப்பிக் காட்டினார். இதழ்களில் நாலைந்தை எலி கடித்துத் தின்றிருந்தது. ஒரு பக்கம் எடை குறைந்து ஆடி ஆடியே புஷ் தேய்ந்துவிட்டதாம். பிறகு மோட்டாரின் அடியை முகர்ந்து பார்த்தார். "இதுல கிரீஸை யாரு வச்சது? எவனோ தொழில் தெரியாத பய."

"தெரியலையே" என்று நான் சொன்னேன்.

பேப்பரில் கிடந்த பொரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வருஷமும் இல்லாமல் அந்த வருஷம் பை நிறைய வாங்கிக் கொட்டினது எதற்காக? அவளுக்காக. அதுதான் உள்ளே இறங்கி, எலியை அழைத்து வந்து, காற்றாடியைத் தின்ன வைத்து, அவள் பேசின அத்தனை வாரப் பேச்சையும் மூடிவிட்டிருந்தது. சாமியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. என்னைச் சொல்லத்தான் வந்தது. பட்டறை வாசலில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் என்ன நினைத்தாரோ, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மறுநாள் குர்லாவில் பழைய சாமான் விற்கிற இடத்தில் நல்ல மோட்டார் ஒன்று தேடிக் கொண்டுவந்து பூட்டினார். ரெசிஸ்டரையும் மாற்றினார். ஜாலிக்குள் கம்பி வலை ஒன்று வெட்டி வைத்தார். குமிழை ஒன்றில் வைத்தார், இரண்டில் வைத்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. "இனி உள்ள உக்காந்து ரகசியம் பேசினாக்கூட கேக்கும் அண்ணாச்சி" என்றார்.

அது நிஜமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். திரும்பும்போது மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, இரண்டாம் நம்பரில் வைத்து, அவள் குரல் அளவுக்கு வெறும் மூச்சாக, "என்னங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன். கேட்டது. ஒரு டிராபிக் போலீஸ்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ யார், உனக்கு என்ன வேண்டும் என்பது போல அவரைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

சேருகிற நாள் காலையில் மகனும் மருமகளும் பையோடு டாக்ஸியில் முன்னால் போகட்டும் என்று நானே சொன்னேன். ஒரு மணி நேரம் எங்களுக்கு வேண்டும். அவள் சந்தன நிறச் சேலை கட்டி, வாசலில் விளக்கைக் கும்பிட்டுவிட்டு வந்து ஏறினாள். வண்டியை எடுத்து ப்ளோயரைப் போட்டேன். மெல்லிய காற்று அவள் முன் நெற்றி முடியை அசைத்தது. அவள் எதிரே இருந்த காற்றுத் துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"சத்தத்தைக் காணோம்" என்றாள். மூச்சுதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"நேத்து சரி பண்ணிட்டேன்."

"அப்படியா" என்றாள்.

பாலம் ஏறினோம், இறங்கினோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். செம்பூர் வந்தது. அவள் கைகளை ஃபைலின் மேல் கோத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மூடியே இருந்தது. சயான் வந்தது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று இன்னும் மெதுவாகப் போனேன். அவள் பேசவில்லை. மாட்டுங்காவில் பூக்காரிகள் கட்டிக்கொண்டிருந்த பூவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூ வாங்கட்டுமா?"

"அங்க வைக்க விடமாட்டாவ."

"ஏளா, இத்தனை நாள் பேசிக்கிட்டே வந்தியே. இன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எல்லாம்தான் சொல்லியாச்சே" என்றாள். பிறகு, "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உம்" என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்று சொல்ல இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தையும் ரோட்டைப் பார்த்தே ஓட்டித் தீர்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மகன் நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தான். அதன் பிறகு அவள் யார் யாரிடமோ இரண்டு மூன்று வார்த்தைகள் பேசியிருப்பாள். ரத்த வகை கேட்ட நர்ஸிடம், கையெழுத்து வாங்க வந்தவரிடம். என்னிடம் பேசின கடைசி வார்த்தை ரோட்டைப் பற்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியைச் சுத்தமாக எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கழுத்தின் நடுவில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், அதன் வழியாக மூச்சு. ஐந்தாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றி, எழுதி அழிக்கிற ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள், குண்டு குண்டாக எழுதுவாள். மகனைப் பார்த்து, "வேலைக்குப் போகலையா" என்று எழுதினாள். மருமகளைப் பார்த்து, "மெலிஞ்சிட்டே" என்று எழுதினாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன தைரியம் என்று பக்கத்துக் கட்டில்காரியும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டியில நீ பேசினது எதுவும் எனக்குக் கேக்கல. ஒரு நாளும் கேக்கல. ப்ளோயர் சத்தம் ஒண்ணு, எங்காது ஒண்ணு. கேக்காமலே உம் கொட்டினேன். நான் செவிடன். தப்புப் பண்ணிட்டேன்." முப்பத்தாறு வருஷத்தில் செவிடன் என்ற வார்த்தையை என்னைப் பற்றி நானே சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பலகையை எடுத்து நிதானமாக எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"தெரியும். கேக்காதுன்னுதான் பேசினேன்."

எனக்கு விளங்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். சயான் சிக்னலில் நான் ப்ளோயரை நிறுத்தினதும் அவள் உதடு நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சரி பண்ணிவிட்டேன் என்று நான் சொன்னபோது அவள் சொன்ன அந்த ஒரு "அப்படியா"வும். "அப்படி என்னத்தப் பேசின?" என்று கேட்டேன்.

அவள் பலகையை அழித்தாள். பிறகு எழுதினாள்.

"பயமா இருக்குன்னு சொன்னேன். தெனமும் அதைத்தான் சொன்னேன். வீட்டுல சொன்னா நீங்க எல்லாரும் ஒடைஞ்சிருவிய."

நான் அழுதேன். வார்டு என்று பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டிலையும் பார்க்கவில்லை. அவள் பயந்துகொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அத்தனை வாரமும் நான் உம், உம் என்று சொல்லிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். கத்தி வைக்கச் சேரப்போகிற அன்றைக்கு, அதைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் நானே பழுது பார்த்து இல்லாமல் செய்துவிட்டேன். அவள் என் கையைத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். பலகையை அழித்துவிட்டு வேறு எழுதி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."